பாஸ்வேர்டுக்கு முன் ஆள் யார்? தோல், ஷூ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் டேனரி, ஷூ கம்பெனி, தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் உரிமையாளர்களுக்கும் உங்கள் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

இராணிப்பேட்டை சிப்காட் முதல் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை உங்கள் அலுவலகங்களின் கணினி, நெட்வொர்க், மெயில் ஆகியவற்றைப் பராமரிப்பவர்கள் நாங்கள். பழுது பார்க்க வரும்போது இதைப் பேச நேரம் கிடைப்பதில்லை. பேச்செடுத்தாலும் "முதல்ல லோடு கிளம்பட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் எழுத்தில் கேட்கிறோம். உங்கள் நிறுவனத்தில் கணினியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனி லாகின் கொடுங்கள். அவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அதை மூடுங்கள். புது ஃபயர்வால், விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் எல்லாம் இதற்குப் பிறகு. இது இல்லாமல் அவற்றை வாங்குவது வீண் செலவு என்பது எங்கள் கருத்து.

கணக்குப் பிரிவிலிருந்தே தொடங்கலாம். கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எதுவாக இருந்தாலும், 2023 ஏப்ரல் 1 முதல் அதன் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அது ஆண்டு முழுக்க இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். இதற்காகத்தான் டேலியில் எடிட் லாக் வந்தது. நீங்களும் அந்தப் பதிப்புக்கு மாறிவிட்டீர்கள். ஆனால் ஒரு வவுச்சரைத் திறந்து, அதைத் திருத்தியவர் யார் என்று பாருங்கள். முதல் பதிவு 'அட்மின்', திருத்தியது 'அட்மின்', மறுபடி திருத்தியதும் 'அட்மின்'. நான்கு பேர் உட்காரும் அறையில் அந்த அட்மின் யார்? பிரிவு முழுவதற்கும் ஒருவரே கைநாட்டு வைத்த வருகைப் பதிவேட்டுக்கும் (மஸ்டர் ரோல்) இதற்கும் வித்தியாசம் இல்லை. நாளைக்கு ஒரு கெமிக்கல் சப்ளையருக்கு இரண்டு முறை பணம் போயிருந்தால், தப்புச் செய்தவரும் தப்பித்துக்கொள்ளலாம், செய்யாதவர் மீதும் பழி விழலாம்.

"எங்களுடையது சில்வர் லைசென்ஸ், ஒரு யூசர்தான் வரும்" என்ற பதிலைப் பல இடங்களில் கேட்கிறோம். சில்வர் என்றால் ஒரே கணினியில் ஓடும் என்று பொருள். அந்த ஒரு கணினியிலேயே எத்தனை யூசர் பெயர் வேண்டுமானாலும் உருவாக்கலாம், அதற்குக் கூடுதல் காசு இல்லை. ஆல்ட்-கே அழுத்தினால் கம்பெனி மெனு வரும். யூசர் கட்டுப்பாட்டை இயக்குங்கள். அடுத்து 'யூசர் ரோல்ஸ்' பகுதியில் யார் எதைத் தொடலாம் என்று வகுத்துவிட்டு, 'யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்' பகுதியில் பெயர்களைச் சேருங்கள். பில் போடுபவருக்குப் பழைய தேதி வவுச்சரைத் திருத்தும் உரிமை தேவையில்லை. அட்மின் பெயர் உரிமையாளரிடமோ கணக்கு மேலாளரிடமோ மட்டும் இருக்கட்டும், அவரும் தினசரி வேலைக்கு வேறு பெயரில் நுழையட்டும்.

ஊழியர்கள் லாகினைப் பகிர்வது பெரும்பாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். சனிக்கிழமை இரவு எட்டரை மணி. சிப்காட் டேனரி வாசலில் வெட் புளூ (பாதி பதனிட்ட தோல்) ஏற்றிய லாரி நிற்கிறது, ஆம்பூர் போக வேண்டும். சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் மாநிலத்துக்குள்ளேயே போனாலும் சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான ஈ-வே பில் தேவை. டெஸ்பாட்ச் பையன் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டான், ஓடிபி கேட்கிறது. அது முதலாளியின் போனுக்குப் போகிறது. முதலாளி மிலான் தோல் கண்காட்சியில் இருக்கிறார், இந்திய எண்ணுக்கு ரோமிங் போடவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இப்படி ஒரு முறை நடந்தால் போதும், மறுநாளே முதலாளியின் சிம் ஒரு பழைய போனில் ஏறி டெஸ்பாட்ச் மேசையின் டிராயருக்குள் வந்துவிடும். வங்கி ஓடிபியும் அதே சிம்முக்குத்தான் வரும் என்பது அப்போது யாருக்கும் தோன்றாது.

இதற்கு வழி ஈ-வே பில் தளத்திலேயே இருக்கிறது. ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் இரண்டுக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு படிப்படியாகக் கட்டாயமானது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டு 20, 20 கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, 5 கோடிக்கு மேல் 2025 பிப்ரவரி 1, மற்ற எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1. ஆகவே இனி யாரும் தப்ப முடியாது. ஆனால் பிரதான கணக்கில் நுழைந்து 'யூசர் மேனேஜ்மென்ட்' போனால் 'சப் யூசர்' உருவாக்கலாம். டெஸ்பாட்ச் ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொபைல் எண்ணில் ஒரு சப் யூசர் கொடுத்தால் ஓடிபி அவர் போனுக்கே வரும். பில் உருவாக்கும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். அவர் விலகினால் அதே மெனுவில் 'ஃப்ரீஸ்' இருக்கிறது. எஸ்எம்எஸ் தாமதமாகும் இடங்களில் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியை அந்த ஊழியரின் போனில் போட்டுக்கொள்ளலாம். அது இணையம் இல்லாமலே 30 நொடிக்கு ஒரு எண் காட்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். எண் நேரத்திலிருந்து கணக்கிடப்படுவதால், போன் சில நிமிடம் பிந்தி ஓடினாலும் 'தவறான ஓடிபி' என்றே வரும். நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐடிக்கு என்ன பெயர் வைப்பது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், அதில்தான் பின்னால் குழப்பம் வருகிறது. ஒரே பிரிவில் மூன்று குமார், நான்கு முகமது, இரண்டு லட்சுமி இருப்பது நம் பக்கம் வழக்கம். ஒருவருடைய பெயரே ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் பிஎஃப் பதிவில் வேறொன்றிலும் இருக்கும். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் விரிந்து அப்பா பெயராக. பெயரை வைத்து ஐடி அமைத்தால் இந்தச் சிக்கல் முழுதும் கணினிக்குள் வந்துவிடும். ஊழியர் எண்ணை வைத்து அமையுங்கள். அந்த எண்ணை ஒருமுறை ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அவர் போன பிறகு இன்னொருவருக்குத் தராதீர்கள். 'அக்கவுன்ட்ஸ்1', 'மெர்ச்சண்ட்2' போன்ற நாற்காலிப் பெயர்கள் வேண்டாம். நாற்காலியில் ஆள் மாறும்போது, போனவர் செய்த திருத்தமெல்லாம் புதிதாய் வந்தவர் செய்ததுபோல் எடிட் லாகில் தெரியும்.

இனி பாஸ்வேர்டு. முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்று, ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி என்ற விதியை எந்த ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தாலும் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த வகை அறிவுரை 2004இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஆவணத்திலிருந்து உலகெங்கும் பரவியது. அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதியை எழுதியதற்கு வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட் அந்த விதிகளைத் திருப்பிப் போட்டது. பாஸ்வேர்டு கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், குறியீட்டுக் கட்டாயம் வேண்டாம், நீளமே முக்கியம் என்றது. மைக்ரோசாஃப்டும் 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. 2025இல் வந்த நிஸ்ட் திருத்தம், பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து, கூடவே இரண்டாவது சரிபார்ப்பு இருந்தால் 8 போதும் என்கிறது. வங்கிகளும் சில அரசுத் தளங்களும் இன்னும் காலக்கெடு வைத்திருக்கின்றன. அங்கே வேறு வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் சொந்த கணினிகளில் அந்தத் தொல்லை எதற்கு?

முப்பது நாள் விதி என்ன செய்கிறது என்பது உங்கள் கீபோர்டுகளைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். கம்பெனி பெயர், ஒரு அட் குறி, அப்புறம் 01. அடுத்த மாதம் 02. ஒன்று தெரிந்தவனுக்குப் பன்னிரண்டும் தெரியும்.

நீளம் ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்ட 8 எழுத்துப் பாஸ்வேர்டுகள் மொத்தம் சுமார் 20,900 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் விண்டோஸ் சேமித்து வைக்கும் என்டிஎல்எம் ஹேஷ் (பாஸ்வேர்டை நேராகத் திருப்பி எடுக்க முடியாதபடி உருமாற்றி வைத்த வடிவம்) ஒருவன் கைக்குப் போய்விட்டால், இன்றைய உயர்ரக கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10,000 கோடிக்கு மேல் சோதித்துப் பார்க்கும். இரண்டு மூன்று நொடியில் முடிந்தது. கீபோர்டில் உள்ள எல்லாக் குறியையும் கலந்த 8 எழுத்து என்றாலும் ஒரு நாளைக்குள் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய 15 எழுத்து என்றால், வெறும் சிறிய எழுத்துகளாகவே இருந்தாலும் அதே கார்டு நூறாண்டுக்கு மேல் ஓட வேண்டும். அதனால் சொற்களைக் கோத்துப் பாஸ்வேர்டு அமைக்கச் சொல்கிறோம். குடை, சல்லடை, தபால், முருங்கை, ஏணி என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள், ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி விட்டு. இதையே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், இப்போது எல்லாரும் படித்துவிட்டார்கள். மனத்தில் தோன்றும் ஐந்து சொற்களும் வேண்டாம், மனம் எப்போதும் பிள்ளை பெயருக்கும் குலதெய்வத்துக்கும்தான் போகும். 7,776 சொல் கொண்ட பட்டியலில் தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல் எடுக்கும் 'டைஸ்வேர்' முறை இருக்கிறது (ஆறு முகம் உள்ள கட்டை வேண்டும், நம் நீளத் தாயக்கட்டை உதவாது). அல்லது கீபாஸ், பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரே உருட்டிக் கொடுத்துவிடும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். கசிந்த இந்தியப் பாஸ்வேர்டுகளெல்லாம் உடைப்பவர்களின் பட்டியலில் இருக்கின்றன. உள்ளூர்க்காரனுக்கோ பட்டியலே தேவையில்லை. கம்பெனி பெயர், ஊர்ப் பெயர், 632001, 632401, 635802 ஆகிய பின்கோடுகள், 0416, 04172, டிஎன்23, டிஎன்73, டிஎன்83, முதலாளியின் கார் எண், நிறுவனம் தொடங்கிய ஆண்டு. இவை உள்ள எந்தப் பாஸ்வேர்டையும் ஏற்காத தடைப்பட்டியல் ஒன்றை உங்கள் சர்வரில் வைக்கச் சொல்லுங்கள். 'உங்கள் தாயாரின் பெயர்', 'பிறந்த ஊர்' போன்ற ரகசியக் கேள்விகளையும் எடுத்துவிடலாம். ஆம்பூரில் ஒருவரின் பிறந்த ஊர் ரகசியமா என்ன?

நினைவில் நிற்காது என்பவர்கள் தாளில் எழுதிப் பூட்டிய டிராயரில் வைத்துக்கொள்ளட்டும். இதைச் சொன்னால் சில ஆலோசகர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் பார்வையில், எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்தில் கசிந்த பாஸ்வேர்டை அதே மெயில் முகவரியோடு நூறு இடங்களில் தானாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

ஏற்றுமதிக்காரர்களுக்கு உண்மையான ஆபத்து மெயிலில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பையர்களோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடு, ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசருக்கு 'உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது' என்று ஒரு மெயில் வரும். அதில் உள்ள போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டதும் திருடன் உள்ளே வந்துவிடுவான். வந்தவன் எதையும் அழிக்க மாட்டான். வாரக்கணக்கில் படிப்பான். எந்த ஜெர்மன் பையர், எந்த இன்வாய்ஸ், எப்போது பணம் வரும், நீங்கள் எப்படி 'டியர் சார்' போடுவீர்கள் என்பது வரை. பிறகு ஒரு விதி எழுதுவான்: அந்தப் பையரிடமிருந்து வரும் மெயிலையோ 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயிலையோ இன்பாக்ஸில் காட்டாதே, ஆர்எஸ்எஸ் (இணையச் செய்தி ஓடை) ஃபோல்டருக்கு நகர்த்து. ஆர்எஸ்எஸ் ஃபோல்டரை வாழ்நாளில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்கப்புறம் உங்கள் பெயரில், உங்கள் லெட்டர்ஹெட்டில், 'எங்கள் வங்கி மாறிவிட்டது' என்று ஒரு மெயில் போகும். பையர் கேட்கும் சந்தேகம் உங்கள் கண்ணில் படாது, பதிலைத் திருடனே எழுதுவான். இரண்டு கண்டெய்னர் பணம் போன பிறகுதான் போன் வரும்.

இதில் எல்லாரும் செய்யும் பிழை, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது. பாஸ்வேர்டு மாறினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். ஃபார்வர்டு முகவரி இருக்கும். அவனுடைய கணினியில் திறந்திருக்கும் மெயில் மூடாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் முதலில் வேறொரு சுத்தமான கணினிக்கு வாருங்கள். அங்கிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். மீட்புக்கான போன் எண்ணும் மாற்று மெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள். அடுத்து ஃபில்டர், ரூல்ஸ், ஃபார்வர்டிங் பக்கங்களைத் திறந்து, தெரியாத எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். ஆப் பாஸ்வேர்டுகளையும் (செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கியவை) இணைத்துள்ள செயலிகளையும் ரத்து செய்யுங்கள். கடைசியில் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பையருக்கு மெயில் அனுப்பாதீர்கள், போனில் பேசுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் திருப்பி அழைக்கச் சொல்லி அவர் தன் வங்கியிடம் உடனே முறையிட வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் என்றால் 1930க்கு அந்த நிமிடமே அழையுங்கள், நாளை காலை என்று வைக்காதீர்கள்.

உரிமையாளர், கணக்கு மேலாளர், மெயில் அட்மின் ஆகியோருக்கு எஸ்எம்எஸ் ஓடிபி போதாது. உங்கள் எண்ணுக்கு வேறு ஆள் ஒருவன் டூப்ளிகேட் சிம் எடுத்துவிட்டால் ஓடிபியும் அவனுக்கே போகும். போனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி அதைவிட மேல். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி அதற்கும் மேல், ஏனென்றால் அவை உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டவை, போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. வாங்கினால் ஆளுக்கு இரண்டாக வாங்குங்கள், ஒன்று தொலையும்.

பென்டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பற்றியும் ஒரு வார்த்தை. பாதி நிறுவனங்களில் அது ஆடிட்டர் ஆபீஸ் மேசையில் ஒரு டப்பாவில் கிடக்கிறது, பின் நம்பர் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது. அந்த டோக்கனில் போடும் கையெழுத்து சட்டப்படி உங்கள் கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அந்தரங்கச் சாவியை (அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியக் குறியீடு) தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகிறது. ஆடிட்டர் நல்லவர்தான், அவர் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்து போகும் பத்துப் பேரையும் உங்களுக்குத் தெரியுமா? டோக்கனைத் திரும்ப வாங்குங்கள். ரிட்டர்ன் போடும் நாளில் உங்கள் ஆள் எடுத்துப் போய், போட்டதும் கொண்டு வரட்டும்.

அதே கேள்வியை ஜிஎஸ்டி பதிவிலும் கேளுங்கள். அங்கே பதிவான மொபைலும் மெயிலும் யாருடையவை? பல இடங்களில் பழைய அக்கவுன்டன்டுடையது. பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். உள்ளே நுழைய முடிகிறபோதே, முக்கியமல்லாத திருத்தம் என்ற வகையில் எண்ணை மாற்றிவிடலாம், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. நுழையவே முடியாத நிலை என்றால் ஆவணங்களோடு உங்கள் வரி அதிகாரியிடம் போக வேண்டியிருக்கும். இணையதள டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இதோடு பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கில் வாங்கியிருந்தால், அவர் புதுப்பிக்க மறக்கும் நாளில் உங்கள் மெயில் முழுதும் நின்றுவிடும்.

மெர்ச்சண்டைசர்கள் ஒரு கம்பெனியிலிருந்து பக்கத்துக் கம்பெனிக்குப் போவது இந்த ஊர்த் தொழிலில் சாதாரணம். அதில் தப்பில்லை, லாகின் கூடவே போகக் கூடாது. விலகும் நாளில் முதலில் மெயிலை மூடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். பிறகு வங்கி, ஈ-வே பில் சப் யூசர், டேலி, விண்டோஸ், ஆபீஸ் வைஃபை, கேமரா செயலி, பையர்களோடு இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள். கணக்கை அழிக்காதீர்கள், முடக்குங்கள். அழித்தால் பழைய பதிவுகளில் அவர் பெயர் அனாதையாகிவிடும். விண்டோஸில் அதே பெயரில் புதுக் கணக்கு உருவாக்கினாலும் உள்ளே எண் வேறு, பழைய ஃபைல்கள் திறக்காது. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் படிவத்தில், 'லாகின்கள் முடக்கப்பட்டன' என்று கையெழுத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தால், ஹெச்ஆர் மறக்கவே முடியாது.

உள்ளே எல்லாக் கணினியிலும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு இருந்தால், ஒரு கணினியில் நுழைந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) அரை மணியில் எல்லாவற்றுக்கும் போய்விடும். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு, கணினிக்கு ஒரு தனிப் பாஸ்வேர்டைத் தானாக மாற்றி வைக்கும் லாப்ஸ் வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸிலேயே வருகிறது, இலவசம். வீட்டிலிருந்து டேலி பார்க்க ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 கதவை (போர்ட்) திறந்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மூடுங்கள். விபிஎன் (இணையத்துக்குள் மறைத்த தனி வழி) வழியாக வாருங்கள். பூட்டு விதியில் 10 தவறான முயற்சிக்கு 10 நிமிடம் பூட்டு என்பது போதும். மூன்று தவறுக்கு நிரந்தரப் பூட்டு என்று வைத்தால், வேண்டாதவன் ஒருவன் வெளியிலிருந்தே உங்கள் அலுவலகம் முழுவதையும் பூட்டிவிடலாம். கேமரா டிவிஆர், வருகைப் பதிவு மெஷின், ரவுட்டர் ஆகியவற்றில் தயாரித்தவர்களே போட்டு அனுப்பும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படித் தயாரித்தவர்கள் போட்ட சுமார் 60 பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

வருகை மெஷின் என்றதும் இன்னொன்று. சுண்ணாம்புப் பிரிவில் வேலை செய்பவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் ஏற்காது. அதற்காக சூப்பர்வைசர் தன் விரலை வைத்துப் பத்துப் பேருக்குப் பதிவு போடுகிறார். அந்தப் பிரிவுக்குக் கார்டோ முகப் பதிவோ கொடுங்கள். ஷூ தைக்கும் பெண்களின் பிஎஃப் லாகின்களை ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அது அவர்கள் பணம், பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்க வேண்டும்.

பீஸ் ரேட், புரொடக்ஷன், கூலி மென்பொருளை உள்ளூரில் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு எளிய சோதனை: 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்துங்கள். உங்கள் பழைய பாஸ்வேர்டே மெயிலில் வந்தால், அது டேட்டாபேஸில் அப்படியே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். எழுதியவரிடம் பாஸ்வேர்டை ஹேஷாக மாற்றும் ஆர்கான்2ஐடி அல்லது பிகிரிப்ட் முறையைக் கேளுங்கள். ஆர்கான்2ஐடிக்கு சுமார் 19 எம்பி நினைவகம், 2 சுற்று என்பது குறைந்தபட்சம். ஒவ்வொரு யூசருக்கும் தனி உப்பு (ஹேஷ் போடும்போது கூடச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர வேண்டும், இல்லையென்றால் ஒரே பாஸ்வேர்டு வைத்த இருவரின் ஹேஷும் ஒன்றாகவே தெரியும். 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகள் எளிதில் உடைந்தது உப்பில்லாத ஹேஷால்தான். பிகிரிப்ட் என்றால் 72 பைட் வரைதான் பார்க்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் ஆவதால் 24 குறியோடு நின்றுவிடும், அதற்குமேல் அடிப்பது கணக்கில் வராது. தமிழில் பாஸ்வேர்டு வைக்க அனுமதித்தால் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 'கொ' என்பதைச் சில கீபோர்டுகள் இரண்டு குறியாகவும் சில மூன்று குறியாகவும் அனுப்பும். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஹேஷ் வேறாக வரும், 'தவறான பாஸ்வேர்டு' என்று சண்டை நடக்கும். ஹேஷ் போடும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்து எப்போதும் ஒரே குறிகளாக வரும் வடிவம்) மாற்றினால் தீர்ந்தது.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியாக இரண்டு வேண்டுகோள். மத்திய அரசின் சைபர் அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவின்படி சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். தொழிலாளர்களின் ஆதார், வங்கி எண், இஎஸ்ஐ விவரம் எல்லாம் உங்கள் கணினிகளில்தான் இருக்கின்றன. தாக்குதல் நடந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் உருதுவிலும் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். அடுத்தது, உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் பையர்களுக்கு ஒரே மாதிரி ஒரு கடிதம் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்: எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம், அப்படி வந்தால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.

உரிமையாளர்கள் ஒரு உறை தயார் செய்துகொள்ளுங்கள். மெயில் அட்மின், டொமைன், சர்வர், ரவுட்டர் பாஸ்வேர்டுகள், ஆதென்டிகேட்டரின் மீட்புக் குறியீடுகள், டேலிவால்ட் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டு (மறந்தால் டேலி நிறுவனத்தாலும் திறக்க முடியாது) ஆகியவற்றை எழுதி, முத்திரையிட்டு, வங்கி லாக்கரில் வையுங்கள். எங்களிடம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள்